பதினைந்தாவது பாலம்

சென்ற மாதத்து முதல் ஞாயிறன்று பேலியகொடைக்குப் போயிருந்தோம். மீன் வாங்குவதற்கன்று. ஓர் இளம் பெண்ணின் கடிதம் எம்மை அங்கே அழைத்தது. இப்பகுதியைத் தவறாது படித்துவரும் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை அவள். "படம் கீறி விற்கிறேன். விற்கத் தொடங்கிய பிறகு கீறத் தெரியாமற் போய்விட்டது போலிருக்கிறது. நான் என்ன செய்யலாம்?" இவ்வளவுதான் கடிதம். எமக்கு வரும் கடிதங்கள் பல. பக்கக் கணக்கில் நீள்பவையும் உண்டு. இத்தனை கனமான கேள்வியை இரண்டு மூன்று வரிகளில் அடக்கியவை மிகச் சிலவே. படங்களைக் கண்ணாற் காணாமல் இதற்குப் பதில் எழுதுவது வைத்தியர் நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும் என்று கருதிப் புறப்பட்டோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பேலியகொடை தொலைவில் இல்லை. களனி கங்கையைத் தாண்டினால் வந்துவிட்டது. புறக்கோட்டையிலிருந்து இடம் மாறிய மீன் சந்தையும், அதன் பின்னே வந்த மனிங் சந்தையும், லொறிகளின் நெரிசலும், மழைக்காலத்து வெள்ளமும் அல்லாமல் அவ்வூரைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் 2021 நவம்பரிலே திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் வந்த பிறகு அவ்வூருக்கு ஓர் அழகும் சேர்ந்துவிட்டது. இரும்பு வடங்கள் தாங்க நிற்கும் அப்பாலத்திலே இரவில் நிறம் நிறமாக விளக்கெரியும். அந்த நிறமெல்லாம் ஆற்றிலே கரைந்து நெளியும். படம் எழுதத் தெரிந்தவர் எவரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இரார்.

எமக்குக் கடிதம் எழுதிய பெண்ணும் சும்மா இருக்கவில்லை. உயர்தர வகுப்பிலே சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்துப் படித்தவள். இரவுப் பாலத்தை ஒரு சிறு கன்வசிலே தீட்டி, அதன் நிழற்படத்தை இணையத்தில் இட்டாள். அதுவரை அவள் இட்ட படங்களுக்கு இருபது முப்பது பேர் விருப்பம் தெரிவிப்பார்கள். இதற்கோ ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தெரிவித்தார்கள். மூன்றாம் நாள் கனடாவிலிருந்து ஒருவர் விலை கேட்டார். அடுத்த வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர். அதன்பின் இன்னொருவர். எல்லாருக்கும் அதே பாலந்தான் வேண்டும்.

"பதினான்கு பாலம் கீறியாகிவிட்டது ஐயா. பதினைந்தாவதற்கும் ஆள் முற்பணம் அனுப்பிவிட்டார். கை தானாகக் கீறுகிறது, நான் பக்கத்தில் சும்மா இருக்கிறேன் போலிருக்கிறது" என்றாள்.

தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாலம் கீறுவதில் என்ன குறை என்று கேளுங்கள் ஐயா. தம்பியின் டியூஷன் காசு இரண்டு தவணை அந்தப் பாலத்தில்தான் போனது" என்றார். அந்த அம்மையாரின் பேச்சிலே கடுமை இல்லை; கவலை இருந்தது. தகப்பனார் மீன் சந்தையிலே வேலை செய்பவர். நள்ளிரவிற் போய் விடிந்து பொழுதேறிய பின் திரும்புபவர். அவர் எதுவும் சொல்லாமல் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓவியன் விற்கலாமா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுவோம். விற்பதனாற் கலை கெட்டுவிடும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசுவோரிற் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர். இரவிவர்மாவை விடப் பெரிய இடத்து ஓவியர் நம் பக்கத்தில் யார்? அரண்மனைகளுக்கு எழுதியவர் அவர். அவருடைய படங்களைக் கேட்போர் தொகை பெருகிவிட்டது, இரு கைகளால் அத்தனையையும் எழுதி முடிக்க இயலாது, ஆகவே அச்சிற் பதிக்கலாம் என்று யோசனை கூறியவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சேர் மாதவராவ். 1894ஆம் ஆண்டு பம்பாயிலே வண்ண அச்சகம் தொடங்கிற்று. இலட்சுமியும் சரசுவதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். அச்சகம் அவருக்குக் கடனைத்தான் கொடுத்தது. சில ஆண்டுகளில் கைமாறிப் போயிற்று. பிற்காலத்தில் கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜு எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளிலே ஏறிக் கடல் கடந்து கொழும்புக்கும் வந்தன. நம் பாட்டிமார் பூசை அறையிலே கற்பூரம் காட்டிய முருகன் பலவும் அவர் கையாற் பிறந்தவையே. ஆகவே படம் வீடு தேடிப் போவது இன்றைய புதுமை அன்று. போகும் வழிதான் புதிது.

நிற்க. இப்பெண்ணின் கேள்வி விற்கலாமா என்பதன்று. விற்றுக்கொண்டே வளரலாமா என்பது. இதற்கு விடையாக எமக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் இருக்கின்றது.

சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று அதற்குப் பெயர். 1966இல் உண்டானது. அதை உண்டாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரிலே 1911இற் பிறந்தவர். இளமையிலே குடும்பப் பாரத்தினால் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பின்னர் சென்னை ஓவியப் பள்ளியிற் சேர்ந்தவர். அப்பள்ளிக்கே தலைவராகவும் உயர்ந்தவர். 1850இல் வைத்தியர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர் தொடங்கிய பழம் பள்ளி அது. ஆண்டுதோறும் அங்கே கற்று வெளியேறும் பிள்ளைகளைப் பணிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கும் காலத்திலே சிறப்பாக எழுதியவர்கள், வெளியே வந்ததும் விளம்பரக் கம்பனியிலோ, துணி ஆலையிலோ, ஏதாவதொரு காரியாலயத்திலோ சேர்ந்து, இரண்டே ஆண்டில் தூரிகையை மறந்துவிடுவார்கள். அன்றைய சென்னையில் புதுமுறை ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஓவியத்தை நம்பினால் பட்டினி. உத்தியோகத்தை நம்பினால் ஓவியம் பட்டினி.

பணிக்கரும் மாணவரும் கண்ட வழி மிக எளியது. ஓவியத்தினிடம் சோறு கேட்கவில்லை. அதே கையினால் வேறொரு பொருள் செய்தார்கள். துணியிலே மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் வேலை அது. இன்னும் பல கைவினைப் பொருள்களும் செய்தார்கள். ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, அவற்றைக் கண்காட்சியாக வைத்து விற்றார்கள். அந்தப் பணத்திலே நிலம் வாங்கினார்கள். சவுக்கும் மணலுமாய்க் கிடந்த ஏறக்குறையப் பத்து ஏக்கர். கையாலேயே குடிசை கட்டிக்கொண்டு குடியேறினார்கள். சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி, விசுவநாதன், கோபிநாத் என்று இன்று இந்திய ஓவிய வரலாற்றில் இடம் பெற்றுவிட்ட பெயர்கள் பல அந்த மணலிலே முளைத்தவை. அரசாங்கம் மானியம் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாட்டிக் துணி வாங்குவோர் விருப்பத்துக்கு இசைந்தது. சிவப்பு வேண்டுமா, சிவப்பு. மயில் வேண்டுமா, மயில். அதிலே அவர்களுக்கு மான அவமானம் இல்லை. ஆனால் மாலையிலே கன்வசுக்கு முன்னால் உட்காரும்போது எந்த வாடிக்கையாளனும் அவர்களுடைய தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. பணிக்கரையே பாருங்கள். இளமையிலே அவர் எழுதிய கேரளத்து நீர்வண்ணக் காட்சிகள், தென்னையும் உப்பங்கழியும் ஓடமுமாய், எவர் கண்ணுக்கும் இனியவை. வாழ்நாள் முழுதும் அவற்றையே எழுதியிருக்கலாம். அவர் அவற்றை விட்டார். மனித உருவங்களுக்குப் போனார். அதையும் விட்டு, ஐம்பது வயதுக்குப் பின்னர், 1963 அளவில், எழுத்துகளும் குறிகளும் சாதகக் கட்டங்களும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைத் தொடங்கினார். வாசிக்க முடியாத எழுத்துகள் அவை. பழைய இரசிகர் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். இன்று பணிக்கர் என்றால் உலகம் முதலில் நினைப்பது அவ்வரிசையையே.

அவருக்குக் கிடைத்த ஒரு வசதி நமது பேலியகொடைப் பெண்ணுக்கு இல்லை. சோழமண்டலத்திலே பக்கத்துக் குடிசையில் இன்னோர் ஓவியன் இருந்தான். "இது சென்ற மாதம் எழுதியதுதானே?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தான். இணையத்தில் ஆயிரம் பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள். ஒருவரேனும் இப்படிக் கேட்பதில்லை. அன்றியும், அந்த இயந்திரத்தின் கணக்கு வேறு. எதை மக்கள் நின்று பார்த்தார்களோ அதைப் போன்றதையே மேலும் மேலும் பலர் கண்ணிற் படச் செய்வது அதன் தொழில். பாலம் ஓடினால் பாலத்தை ஓட்டும். புதிதாக ஒன்றை எழுதிப் போட்டால் முதல் வாரம் கேட்பாரற்றுக் கிடக்கும். அதைக் கண்டு மனம் சோர்ந்து மறுபடி பாலத்துக்கே திரும்பும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் மீது பிழை சொல்லோம். டியூஷன் காசு கட்ட வேண்டுமல்லவா?

நாம் அவளுக்குச் சொன்னது இது: பாலத்தை உன் பாட்டிக் ஆக்கிவிடு, பிள்ளை. வாரத்தில் மூன்று நாள் பாலம். அது உத்தியோகம். மற்ற நாளிலே எழுதுவது எதையும் ஆறு மாதத்துக்கு இணையத்திலே இடாதே. விலை கேட்டாலும் கொடாதே. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் திகதி எழுதி வை. ஆறு மாதம் கழித்துத் தரையிலே வரிசையாகப் பரப்பிப் பார்; வளர்ந்தாயா இல்லையா என்பதை அவையே சொல்லும்.

"வைக்க இடம்?" என்றார் தாயார். நியாயமான கேள்வி. 2016 மே மாத வெள்ளத்திலே கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி நனைந்து, அவள் பள்ளிக் காலத்தில் எழுதியவை அத்தனையும் கூழாகிப் போனவையாம். உயரமான தட்டொன்று அடிப்பதாகத் தகப்பனார் சொன்னார். அதுதான் அவர் அன்று பேசிய முதல் வார்த்தை.

விற்காத படத்தை வைத்திருப்பதன் அருமையை அறிய வேண்டுமானால் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமால் நிலையத்துக்கு ஒரு நாள் போய்வரலாம். மாணவர்கள் கட்டாயம் போகவேண்டும். 1943இலே லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகலை, ஐவன் பீரிஸ் முதலியோர் கூடி அமைத்த '43 குழு'வினர், அக்காலத்துச் சித்திர சபையாரின் பழைய இரசனைக்குத் தலைவணங்காமல், தங்கள் கண்காட்சியைத் தாங்களே நடத்தியவர்கள். அவர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் தம் நண்பர்களின் படங்களைத் தம் வீட்டிலே சேர்த்து வைத்தார். அவ்வீடே இன்று காட்சிக்கூடம். யாழ்ப்பாணத்திலே ஓவியர் மாற்கு செய்தது வேறு வழி. அவர் சித்திர ஆசிரியர். சம்பளம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஆகவே படத்தின்மேற் பாரம் விழவில்லை. விடுமுறைக் காலத்திலே இளைஞரைக் கூட்டி ஓவியம் பயிற்றினார். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் அவர் மாணவர்களின் கையிலே அந்தக் கை தெரிகிறது.

பக்கத்துக் குடிசை ஓவியனை நமது பெண் எங்கே தேடுவது? கொழும்பு ஏழிலே, முன்பு கிறீன் பாத் என்று வழங்கிய வீதியில், நடைபாதையோரத்திலே படங்களை மாட்டி விற்கும் ஓவியர் சிலரை எந்நாளும் காணலாம். அவ்வீதிக்குக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வாய்த்திருப்பது எமக்கு எப்போதும் ஓர் இன்பம். ஆண்டுக்கொருமுறை அங்கே 'கலா பொல' என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தையும் கூடும். 1993இலே ஜோர்ஜ் கீற் மன்றத்தார் தொடங்கியது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஓவியர் வந்து தம் படத்தைத் தாமே விற்கிறார்கள். அங்கே ஒரு பகல் முழுதும் நின்றால், மனிதர் ஒரு படத்தின் முன்னே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதைக் கண்டு திரும்பி வருகிறார்கள் என்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இணையத்தில் இட்ட விருப்பக் குறிகளால் இதை அறிய இயலாது. அவளுக்கு இதுவரை இப்படியொரு சந்தை இருப்பதே தெரியாதாம். ஆற்றுக்கு அப்பால் ஒரு பஸ் தூரம்!

இனி விலைக்கு வருவோம். ஒரு பாலத்துக்கு எண்ணாயிரம் ரூபா வாங்குகிறாள். கன்வசு, வர்ணம், பொதி கட்டும் அட்டை, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு. மிகுதி ஐயாயிரத்து எழுநூறு. ஒரு படத்துக்கு மூன்று நாள். அதாவது நாளொன்றுக்கு ஆயிரத்துத் தொளாயிரம். மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் கையாளுக்குக்கூட இதனிலும் கூடுதலாகக் கிடைக்கிறது. கடுதாசியிலே எழுதிக் காட்டிய பிறகுதான் தாயாரும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது தகப்பனார் இரண்டாம் முறை வாய் திறந்தார். "ஐயா, மீனுக்கு நேரம் போனால் விலை போகும். ஐஸ் கரையக் கரைய நாங்கள் இறங்கித்தான் கொடுக்க வேண்டும். படம் அழுகுமா? இவள் ஏன் கேட்டவுடன் குறைக்கிறாள்?"

எமக்கு ஒரு பொருளாதாரப் பேராசிரியரும் இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. கேட்போர் பெருகும்போது விலையைச் சற்று உயர்த்தினால், பாலங்களின் தொகை குறையும், வருமானம் குறையாது, ஓய்ந்த நாள் கையில் மிஞ்சும். அவள் பயந்தது, உயர்த்தினால் ஒருவரும் வாங்கமாட்டார் என்று. பத்துப் பேர் கேட்கும் இடத்தில் நான்கு பேர் விலகினால் அது நட்டமல்ல என்று தகப்பனாரே விளக்கினார்.

வேறு சில சில்லறை விஷயங்களும் பேசினோம். படத்தை நிழற்படம் எடுக்கும்போது மின்விளக்கின் கீழ் எடுத்தால் நீலம் பச்சையாகத் தோன்றும். காலையில் யன்னலோரத்து வெளிச்சத்தில், வெயில் நேரே படாமல் எடுக்கவேண்டும். நீள அகலத்தைச் சென்ரிமீற்றரில் எழுதவேண்டும். பக்கத்திலே ஒரு கதிரையையோ மேசையையோ சேர்த்து இன்னொரு படம் எடுத்தால் வாங்குவோருக்கு அளவு விளங்கும். முற்பணம் பாதியேனும் பெறாமல் தூரிகையை நனைக்கலாகாது. எட்ஸி போன்ற பிறநாட்டு இணையச் சந்தைகள் விற்ற தொகையிலே தங்கள் பங்கை எடுப்பன. எட்ஸி 2022 முதல் நூற்றுக்கு ஆறரை வீதம் எடுக்கிறது, வேறு கட்டணங்கள் தனி. ஓவியத்துக்கென்றே நடக்கும் சில காட்சிக்கூடங்களின் பங்கு இதனிலும் பன்மடங்கு. ஆகவே அதையும் கணக்கிற் சேர்த்தே விலை சொல்லவேண்டும்.

இன்னொன்று முக்கியமானது. அவளுடைய பாலத்தை யாரோ ஒருவர் அவளைக் கேளாமலே தேநீர்க் கோப்பையிற் பதித்து விற்கிறார். "படத்தை விற்றுவிட்டேனே, இனி நான் என்ன கேட்பது?" என்று இருந்துவிட்டாள். அப்படியன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியரின் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டும் நிலைப்பது. படத்தை வாங்கியவர் படத்தைத்தான் வாங்கினார். கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தாலன்றி அந்த உரிமை கைமாறாது. கோப்பைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதும்படி சொன்னோம். வசை வேண்டாம், திகதியும் சான்றும் போதும். இணையத்தில் இடும் படங்களைச் சிறிதாக்கி இடுவதும் நல்லது. பெரிதாக இட்டால் திருடுவோருக்கு நாமே அச்சுப் படியை அனுப்பியது போலாகும்.

விடைபெறும் நேரம். "வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, அலுமாரியின் மேலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தாள். கணக்குக் கொப்பிதான், கோடு போட்ட தாள். பக்கத்துக்குப் பக்கம் கைகள். நித்திரையில் நெஞ்சின்மீது கிடக்கும் கை. தேநீர்க் குவளையைச் சுற்றிய கை. ஐசிலே விறைத்து மடங்காமல் நிற்கும் விரல்கள். மீன் முள் கிழித்த தழும்பு. வேலை முடிந்து வந்து தகப்பனார் உறங்கும் நேரத்திலே பென்சிலால் எழுதியவை. சில பிழையாக இருந்தன. பெருவிரல் ஒன்று எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் பதினான்கு பாலத்திலும் நாம் காணாத ஒன்று அந்தக் கோணற் பெருவிரலில் இருந்தது.

தகப்பனார் எட்டிப் பார்த்தார். அவர் அக்கொப்பியை முன்பு கண்டதில்லை என்று தோன்றியது. தம் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தத் தழும்பு மற்றப் பக்கம், மகள்" என்றார்.

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் அருகே உட்கார்ந்தாள். நாம் செருப்பை மாட்டிக்கொண்டோம். பதினைந்தாவது பாலம், பாதி நீலம் பூசியபடி, யன்னலோரத்திலே காய்ந்துகொண்டிருந்தது.